பழைய ஸ்பின்னிங் லேத்: அடையாளம் காண்பது, பிரிப்பது, மறுபடி ஓட வைப்பது

காயலான் கடையில் ஒரு லேத் (கடைசல் இயந்திரம்) கிடக்கிறது. நீளமான வார்ப்பிரும்பு பெட் (அடிப்படுக்கை), இடது பக்கம் சுழற்றும் தலையான ஹெட்ஸ்டாக், வலது பக்கம் எதிர்முனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக். நடுவில் டூலை நகர்த்தும் கேரேஜ் இல்லை, அதை ஓட்டும் லீட் ஸ்க்ரூ இல்லை, கியர் பாக்ஸும் இல்லை. பாதி சாமான் கழன்று போன லேத் என்று நினைத்துக் கடைக்காரர் எடைக்கு விலை சொல்வார். அவசரப்பட்டு ஒதுக்கிவிட வேண்டாம். எதுவுமே கழன்று போகாத முழு ஸ்பின்னிங் லேத்தாக அது இருக்கலாம்.

ஸ்பின்னிங் என்பது உலோகத் தகட்டைச் சீவாமல், அழுத்தியே உருவம் கொடுக்கும் வேலை. வட்டமாக வெட்டிய தகட்டைச் சந்தையில் சர்க்கிள் என்றே விற்கிறார்கள். ஹெட்ஸ்டாக்கில் மாட்டிய டையின் (வேண்டிய உருவத்தில் கடைந்த கட்டையின்) முகத்தில் அதை வைத்து, எதிர்ப்பக்கம் டெயில்ஸ்டாக்கில் உள்ள தாங்கு கட்டையால் இறுக்கிச் சுழற்றுவார்கள். நீண்ட கைப்பிடி போட்ட டூலை அக்குளில் இடுக்கி, உடம்பின் எடையைக் கொடுத்து, தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டையின் மேல் படிய வைப்பார்கள். அலுமினியப் பாத்திரம், விளக்கு மூடி, டிரம்பெட்டின் அகன்ற வாய் எல்லாம் இப்படி உருவாகக்கூடியவை.

இந்த லேத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். சுழலும் தகட்டைப் பிடித்திருப்பது போல்ட்டும் அல்ல, தாடை வைத்த சக்கும் அல்ல. இரண்டு பக்க அழுத்தமும் அதனால் வரும் உராய்வும்தான். ஆகவே பெட் தேய்ந்திருக்கிறதா, பெயின்ட் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் பின்னால் வரும் கேள்விகள். அச்சுத் திசையில், அதாவது லேத்தின் நீளவாக்கில் வரும் அழுத்தத்தை ஹெட்ஸ்டாக் தாங்குமா, டெயில்ஸ்டாக் நழுவாமல் நிற்குமா, டூல் ரெஸ்ட் அசையாமல் இருக்குமா, இந்த மூன்றில்தான் காசும் நேரமும் போக வேண்டும். சாதாரண லேத்தில் பழகியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். பெட்டைக் கிரைண்டிங் கொடுத்துப் பளபளப்பாக்கிவிட்டு, அந்த அழுத்தத்தைத் தாங்கும் தேய்ந்த த்ரஸ்ட் வாஷரை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இது ஸ்பின்னிங் லேத்தானா?

முதலில் டூல் ரெஸ்ட்டைத் தேடுங்கள். மரம் கடையும் லேத்தின் ரெஸ்ட் மேல்விளிம்பு வழுவழுப்பாக இருக்கும், ஓட்டை இருக்காது. ஸ்பின்னிங் ரெஸ்ட்டில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். அதில் ஒரு தடித்த இரும்பு முளையைச் செருகி, அந்த முளையில் டூலை முட்டுக்கொடுத்து நெம்புவார்கள். தகடு படியப் படிய முளையை அடுத்த ஓட்டைக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். இந்த ஓட்டை வரிசையைப் பார்த்துவிட்டால் சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது. ஆனால் கழன்று காணாமல் போகும் பாகமும் இந்த ரெஸ்ட்தான், அதனால் மற்ற அடையாளங்களும் தெரிந்திருக்க வேண்டும்.

டெயில்ஸ்டாக்கைப் பாருங்கள். முனை தானாகச் சுழலும்படி பேரிங் வைத்திருக்கும். பழைய மர லேத்களில் அந்த முனை பெரும்பாலும் சுழலாது. ஸ்பின்னிங் டெயில்ஸ்டாக்கில் சீக்கிரம் பிடிக்கவும் விடவும் வசதியாக நீளமான லீவரோ பெரிய கைச்சக்கரமோ இருக்கும். அடுத்து ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம். ஸ்பிண்டிலின் (சுழலும் தண்டின்) வால் முனையிலோ பின் பேரிங்கை ஒட்டியோ கனமான த்ரஸ்ட் ஏற்பாடு தெரியும். ஸ்பிண்டிலின் முன் மூக்கில் வெளிப்புற மரை இருக்கும், டை நேராக அதில் திருகி ஏறும். சில லேத்களில் பெரிய சர்க்கிளுக்கு இடம் கொடுக்க ஹெட்ஸ்டாக் அருகே பெட் பள்ளமாக இறங்கியிருக்கும்.

குழப்பம் தரக்கூடிய இன்னும் இரண்டு இயந்திரங்கள் உண்டு. வார்ப்புக்கு மர மாதிரி செய்பவர்கள் பயன்படுத்தும் பேட்டர்ன் லேத் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும். அதில் பெரும்பாலும் ஹெட்ஸ்டாக்கின் வெளிப்பக்கமும் ஒரு முகத்தட்டு மாட்ட மரை இருக்கும். பாலிஷ் போடும் பஃபிங் இயந்திரத்தில் ஸ்பிண்டில் இரண்டு பக்கமும் நீண்டிருக்கும், பெட் இருக்காது. பேட்டர்ன் லேத்தாக இருந்தாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை. சுழலும் டெயில் முனையும் முளை ரெஸ்ட்டும் செய்து போட்டு, த்ரஸ்ட்டையும் பலப்படுத்தினால், மெல்லிய அலுமினிய வேலை அதில் நடக்கும்.

யார் செய்தது, எந்தக் காலத்தது?

பெயர்ப்பலகை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கால்களிலும் ஹெட்ஸ்டாக் உடம்பிலும் வார்ப்பிலேயே எழுத்துகள் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட்டுக்குள் மறைந்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் நிழலில் எழுத்து தெரியும். வரிசை எண்ணைப் பல லேத்களில் டெயில்ஸ்டாக் பக்கத்து பெட் முனையில் பஞ்ச் அடித்திருப்பார்கள். அந்த இடத்தை மண்ணெண்ணெய் துணியால் துடையுங்கள். எமரி பேப்பரைக் கொண்டு போக வேண்டாம், எண் தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

அமெரிக்காவில் நியூயார்க்கின் ப்ரைபில், புரூக்ளினின் பிளிஸ், மிச்சிகன் மாநிலம் கிராண்ட் ராபிட்ஸில் இருந்த ஆலிவர் ஆகியவை பழைய பெயர்கள். இங்கிலாந்தில் பர்மிங்காமின் டெய்லர் அண்ட் சாலன், வேக்ஃபீல்டின் ரோட்ஸ். ஜெர்மனியின் ஆலன் நகரில் 1891-ல் தொடங்கிய லைஃபெல்ட் இன்றும் ஸ்பின்னிங் இயந்திரம் செய்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் கிடைப்பவற்றில் பெயரே இல்லாத உள்நாட்டு வார்ப்புகளும் உண்டு. அதில் குறை ஒன்றும் இல்லை.

வெளிநாட்டு லேத்தை அச்சாக வைத்து வார்த்த நகலைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வார்ப்பிரும்பு இறுகும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும். முடிந்த பாகத்தையே மாதிரியாக வைத்து மண்ணில் பதித்து வார்த்தால், நகல் அசலைவிட அந்த அளவு சிறுத்து வரும். எழுத்துகளின் ஓரமும் மழுங்கியிருக்கும். அசலின் அளவு கேட்டலாக்கில் கிடைத்தால், கடையாத பகுதிகளை அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

எழுத்தே இல்லாவிட்டால் போல்ட்டுகளிடம் கேட்கலாம். இங்கிலாந்து மரபில் விட்வொர்த் மரை, அதன் கோணம் 55 டிகிரி. அமெரிக்க மரைக்கும் மெட்ரிக் மரைக்கும் 60 டிகிரி. அரை இஞ்ச் போல்ட் ஒன்றை எடுத்து பிட்ச் கேஜ் (மரையின் எண்ணிக்கை பார்க்கும் பல் தகடு) வைத்துப் பாருங்கள். இஞ்ச்சுக்கு 12 மரை என்றால் விட்வொர்த், 13 என்றால் அமெரிக்கா. கால் இஞ்ச்சிலும் முக்கால் இஞ்ச்சிலும் இரண்டுக்கும் எண்ணிக்கை ஒன்றுதான், அதை வைத்து முடிவு கட்ட முடியாது. நடுவில் யாரோ மாற்றிய போல்ட்டாக இருக்கலாம் என்பதால், பேரிங் மூடி போன்ற அடிப்படை இடங்களில் இரண்டு மூன்றையாவது பாருங்கள்.

வார்ப்பில் காப்புரிமைத் தேதி இருந்தால் அது தயாரித்த ஆண்டு ஆகாது. அந்த ஆண்டுக்கு முன்னால் செய்ததல்ல என்று மட்டும் சொல்லலாம். அகலமான படிக்கட்டுப் புல்லி இருந்து, மோட்டார் பிடிக்க வார்ப்பிலேயே இடம் விடாமல், பின்னால் ஓட்டை போட்டுத் தகடு முடுக்கியிருந்தால், அது உத்தரத்தில் ஓடிய நீண்ட ஷாஃப்ட்டிலிருந்து தோல் பெல்ட்டில் ஓடிய காலத்து வடிவம். இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்ற வழக்கம் பரவிய பிறகு வந்த லேத்களில் மோட்டார் மேடை காலோடு சேர்ந்தே இருக்கும்.

வாங்குவதற்கு முன்

ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். மரக்கட்டையை நெம்புகோலாக வைத்து மூக்கை மேலே தூக்கிப் பாருங்கள். பிறகு முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், ஆனால் அது சரிசெய்யக்கூடிய நோய். மூக்கு மரை நசுங்கியிருந்தால் அதுவும் சரிசெய்யக்கூடியதே. ஹெட்ஸ்டாக் வார்ப்பில் பேரிங் மேடைக்குக் கீழே விரிசல் இருந்தால் நான் வாங்க மாட்டேன். காலிலோ பெட்டின் வால் முனையிலோ விரிசல் என்றால் பிரேசிங் செய்தோ, சூடாக்கி நிக்கல் ராட் வெல்டிங் கொடுத்தோ ஓட்டலாம். முழு அழுத்தமும் வந்து முட்டும் ஹெட்ஸ்டாக்கில் ஒட்டுப்போட்டு நம்பி எதிரில் நிற்க முடியாது.

வார்ப்பிரும்பில் விரிசலைச் சுத்தியல் சொல்லிவிடும். சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் நல்ல வார்ப்பு கணீர் என்னும். விரிசல் உள்ளது செத்த சத்தம் தரும். தளர்ந்த போல்ட்டும் அதே சத்தம் தரும் என்பதால், சந்தேகம் வந்த இடத்தைத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, மறுபடி துடைத்துச் சுண்ணாம்புப் பொடி தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் சுண்ணாம்பில் கோடாக ஊறி வரும்.

கொண்டு வருவதும் பிரிப்பதும்

லேத்தின் எடை ஹெட்ஸ்டாக் பக்கம் குவிந்திருக்கும், அதுவும் மேலே. நடுவில் கயிறு கட்டித் தூக்கினால் தலை கவிழும். முடிந்தால் ஹெட்ஸ்டாக்கையும் டெயில்ஸ்டாக்கையும் கழற்றித் தனியாக ஏற்றுங்கள். முழுதாகத்தான் என்றால் செயின் பிளாக்கில் பெட்டுக்கு அடியில் பெல்ட் போட்டுத் தூக்க வேண்டும். ஸ்பிண்டிலில் கட்டித் தூக்கவே கூடாது.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு மூட்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங் மூடிகளில் இடது வலது, முன் பின் என்று பஞ்ச் புள்ளி வையுங்கள். ஹெட்ஸ்டாக்குக்கும் மூடிக்கும் நடுவே ஷிம் எனும் மெல்லிய பித்தளைத் தகடுகள் இருக்கும். அவற்றைக் குப்பை என்று நினைத்துத் துடைத்துப் போடாமல், எந்த மூடி எந்தப் பக்கம் என்று எழுதித் தனித்தனி கவரில் போடுங்கள். பேரிங் இடைவெளியைத் தீர்மானிப்பது அந்த ஷிம்கள்தான். இறுகிப்போன போல்ட்டுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருங்கள். பிறகும் அசையாவிட்டால் போல்ட்டின் தலையைச் சூடாக்கலாம், வார்ப்பை அடிக்க வேண்டாம். வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்காது, நேராக உடையும்.

பிரேக் இருந்தால் அதன் லைனிங்கை ஊதியோ காற்றடித்தோ சுத்தம் செய்யாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஈரத் துணியால் துடைத்து, புது லைனிங் போடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதையும் உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், அல்லது பெயின்ட் கரைக்கும் திரவம் பூசி வழித்தெடுங்கள்.

துரு

பெட்டின் மேல்துருவுக்குக் கத்தித் தகடும் எண்ணெயில் நனைத்த ஸ்டீல் வூலும் போதும். சின்னப் பாகங்களுக்கு மின்முறை நல்லது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா போட்டு, பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ்விலும், ஒரு பழைய இரும்புத் தகட்டைப் பாசிட்டிவ்விலும் மாட்டுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பாசிட்டிவ்வில் எவர்சில்வர் தகடு மாட்டினால் விஷமான குரோமியம் உப்பு தண்ணீரில் சேரும், அதனால் சாதா இரும்பு மட்டுமே. ஹைட்ரஜன் வாயு வரும், வெளியில் வைத்துச் செய்யுங்கள். எடுத்தவுடன் துடைத்துக் காயவைத்து எண்ணெய் பூசாவிட்டால் சீக்கிரமே புதுத் துரு பூக்கும். பித்தளை ஆயில் கப்களுக்குப் புளியும் உப்பும் போதும், வேறு கெமிக்கல் தேவையில்லை.

ஸ்பிண்டிலும் பேரிங்கும்

இங்கேதான் பொறுமை வேண்டும். பேரிங் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். வார்ப்புக்குள் ஊற்றிய சாம்பல் நிற மெத்தென்ற உலோகம் என்றால் பேபிட். கத்தி முனையில் சுலபமாகக் கீறல் விழும். மஞ்சள் நிறமாக இருந்தால் வெண்கல புஷ். மூன்றாவது, பால் அல்லது ரோலர் பேரிங்.

பால் அல்லது ரோலர் பேரிங் என்றால் வேலை எளிது. பழைய எண்ணைப் படித்து மாற்றுங்கள். 6208 என்றாலும் 30208 என்றாலும் கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம், அதாவது 40 மில்லிமீட்டர். ஆனால் 62 என்று தொடங்கும் சாதா பால் பேரிங்கை மட்டும் யாராவது முன்பு போட்டிருந்தால் அப்படியே தொடராதீர்கள். டெயில்ஸ்டாக் தள்ளும் அழுத்தத்தை நாள் முழுக்கத் தாங்க அது சரியான பேரிங் அல்ல. இடம் ஒத்துவந்தால் 302 வரிசை டேப்பர் ரோலர்களை எதிரெதிராகப் போடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் தனியாக ஒரு த்ரஸ்ட் பேரிங் சேருங்கள்.

பேபிட் என்றதும் பலர் பயந்து புஷ்ஷுக்கு மாற்றிவிடுகிறார்கள். அவசியமில்லை. ஐசக் பேபிட் 1839-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய இந்த ஏற்பாடு, எண்ணெய் நிற்காமல் போய்க்கொண்டிருந்தால் நிறைய காலம் உழைக்கும். முதலில் இடைவெளியை அளக்கவும். டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை ஊசியால் காட்டும் கருவியை) ஸ்பிண்டிலின் மேல் வைத்து, மரக்கட்டையால் நெம்பித் தூக்குங்கள். ஷாஃப்ட் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி சரியான கணக்கு. 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டுக்கு 0.05. அதைவிட அதிகம் இருந்தால் இரண்டு பக்கமும் சமமாக ஒரு ஷிம்மை எடுத்து மூடியை இறுக்கிப் பாருங்கள். பல லேத்கள் இந்த ஒரே வேலையில் தேறிவிடும்.

ஷிம் எடுத்தும் சரிவராவிட்டால் சுரண்ட வேண்டும். ஸ்பிண்டிலில் நீல மையை மெல்லிசாகப் பூசி, பேரிங்கில் வைத்து அரைச் சுற்று சுற்றி எடுங்கள். நீலம் ஒட்டிய இடம் மேடு. வளைந்த ஸ்கிரேப்பரால் அந்த மேட்டை மட்டும் சீவுங்கள். நீலப் புள்ளிகள் பேரிங் முழுக்கப் பரவும் வரை இது தொடரும். அலுப்பான வேலை, ஆனால் ரேடியோவில் பாட்டு ஓட விட்டுச் செய்தால் போய்விடும்.

உலோகம் கழன்றோ வெடித்தோ இருந்தால் மறுபடி ஊற்ற வேண்டியதுதான். பழையதை உருக்கி எடுத்து, குழியைச் சுத்தம் செய்து, ஸ்பிண்டிலையோ அதே விட்டத்து டம்மி ஷாஃப்ட்டையோ மையத்தில் நிறுத்துங்கள். உலோகம் ஒட்டாமல் இருக்க அதன் மேல் மெழுகுவத்திப் புகை பிடியுங்கள். வார்ப்பையும் ஷாஃப்ட்டையும் முன்கூட்டியே சூடாக்க வேண்டும். குளிர்ந்த இரும்பில் ஊற்றினால் உலோகம் பாதி வழியிலேயே உறைந்துவிடும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஆவியாகி உலோகத்தை முகத்தில் தெறிக்க வைக்கும், அதனால் ஓரம் அடைக்கும் களிமண்ணும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். உலோகத்தின் சூடு போதுமா என்று பார்க்க, காய்ந்த மரக்குச்சியை உள்ளே விட்டு எடுப்பது பழைய வழக்கம். குச்சி பழுப்பாகக் கருக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. ஒரே மூச்சில் நிறுத்தாமல் ஊற்றுங்கள். பேபிட்டில் ஈயக் கலவையும் உண்டு, காற்றோட்டமான இடமும் முகத்தை மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். இதுவரை உலோகம் ஊற்றிப் பழகாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம்.

கடைசியில் அச்சுத் திசை ஆட்டம். டயல் கேஜை ஸ்பிண்டில் முகத்தில் வைத்து முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஊசி துள்ளினால் த்ரஸ்ட் வாஷரையோ பேரிங்கையோ மாற்றி, கையால் சுற்றும்போது பிடிக்காத அளவுக்கு நட்டை முடுக்குங்கள். பிறகு மூக்கின் சுழற்சி நேர்மை. 0.05 மில்லிமீட்டருக்குள் ஆட்டம் இருந்தால் இந்த வேலைக்குத் தாராளம்.

டெயில்ஸ்டாக்

சுழலும் முனையைப் பிரித்து, உள்ளே உள்ள பேரிங்குகளைப் பழசு என்று தெரிந்தாலே மாற்றிவிடுங்கள். விலை குறைவு, ஆபத்து பெரிது. அந்த முனை இறுகினால் தகட்டுக்கும் தாங்கு கட்டைக்கும் நடுவே உராய்ந்து சூடேறி, பிடி விட்டுப்போகும். குவில்லுக்குள் (டெயில்ஸ்டாக்கில் முன்னும் பின்னும் நகரும் குழலுக்குள்) மோர்ஸ் டேப்பர் எனும் கூம்புத் துளை இருந்தால் தேய்த்துத் துடைத்துச் சரியான முனை மாட்டலாம், 3-ம் எண்ணோ 4-ம் எண்ணோ பொதுவாக இருக்கும்.

பெட்டில் டெயில்ஸ்டாக்கைப் பூட்டும் தகட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எண்ணெய்க் கசடும் புடைப்பும் இருந்தால் எவ்வளவு முடுக்கினாலும் பின்னால் நழுவும். இரண்டு முகத்தையும் தட்டையாக ராவி, போல்ட் மரை தேய்ந்திருந்தால் புது போல்ட் போடுங்கள். குவில் பூட்டும் ஸ்க்ரூ வேலை செய்ய வேண்டும். இது வேலை செய்யாத லேத்துக்கு நான் சுவிட்ச் போட விட மாட்டேன்.

நேர்கோடு பார்க்க: ஹெட்ஸ்டாக்கில் ஒரு கூர்முனை, டெயில்ஸ்டாக்கில் ஒரு கூர்முனை, நடுவில் ஒரு மெல்லிய ஸ்டீல் ஸ்கேல் அல்லது பிளேடு. இரண்டும் லேசாக அழுத்தும்போது பிளேடு நேராக நின்றால் மையம் சரி, சாய்ந்தால் அந்தப் பக்கம் விலகல். ஹெட்ஸ்டாக்குக்கு அடியில் ஷிம் வைத்துத் திருத்துங்கள். மையம் விலகிய லேத்தில் தாங்கு கட்டை ஒவ்வொரு சுற்றிலும் தகட்டைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும்.

டூல் ரெஸ்ட்

ஓட்டைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும். அத்தனையையும் ஒரே அளவுக்கு ரீமர் போட்டுப் பெரிதாக்கி, அதற்கேற்பப் புது முளை கடைந்துகொள்வதுதான் சுலபம். முளை கையால் செருகி எடுக்கும்படி இருக்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. ரெஸ்ட் காணாமல் போயிருந்தால் தடித்த சதுர இரும்புக் கம்பியில் துளை போட்டு, உறுதியான தண்டில் வெல்டிங் செய்து செய்துவிடலாம். உயரம், டூலின் முனை மையக் கோட்டுக்குச் சற்றுக் கீழே தகட்டைத் தொடும்படி அமைய வேண்டும்.

மோட்டாரும் வேகமும்

கை வேலைக்கு 2 அல்லது 3 எச்பி மோட்டார் போதும். நம் ஊர் 4 போல் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று. அமெரிக்க லேத்தோடு வந்த மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், வோல்டேஜும் ஒத்துவராது. எடுத்து வைத்துவிட்டு உள்ளூர் மோட்டார் மாட்டுங்கள். மோட்டாரில் 100 மில்லிமீட்டர் புல்லி, ஸ்பிண்டிலில் 200 என்றால் 720 சுற்று. 100-க்கு 144 என்றால் 1000.

வேகத்தைச் சுற்றில் மட்டும் யோசிக்காமல் விளிம்பில் யோசியுங்கள். 300 மில்லிமீட்டர் சர்க்கிள் 1000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 57 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே 1000 சுற்றில் 600 மில்லிமீட்டர் சர்க்கிளின் விளிம்பு 113 கிலோமீட்டர். சின்ன சர்க்கிளுக்கு அதிக சுற்று, பெரியதற்குக் குறைந்த சுற்று என்ற விதி இங்கிருந்து வருகிறது. பழைய லேத்துக்கு 1200 சுற்றுக்கு மேல் தொடக்கத்தில் போக வேண்டாம் என்பது என் கருத்து.

வீட்டில் சிங்கிள் ஃபேஸ் மட்டும் இருந்தால் விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி) வைத்து 3 எச்பி வரை த்ரீ ஃபேஸ் மோட்டாரை ஓட்டலாம். மோட்டார் தகட்டில் 230 வோல்ட் டெல்டா இணைப்பு எழுதியிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனோடு பார்த்துவிட்டு வாங்குங்கள். கத்தி மாதிரி இழுக்கும் பழைய சுவிட்ச் வேண்டாம். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது தானாக ஓடத் தொடங்காத பட்டன் ஸ்டார்ட்டர்தான் வேண்டும். நிறுத்தும் பட்டன் காலால் தட்டும் உயரத்தில் இருக்கட்டும், இரண்டு கையும் டூலில் இருக்கும்.

சுழலும் திசையை டை மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். முன்னால் நிற்கும்போது மேல்பகுதி உங்களை நோக்கி வர வேண்டும். மூக்கில் வலது மரை, எதிர்த்திசையில் ஓடினால் டை தானாகக் கழன்று வந்துவிடும். த்ரீ ஃபேஸில் ஏதாவது இரண்டு வயரை மாற்றினால் திசை மாறும். இதே காரணத்தால் விஎஃப்டியில் சடாரென்று பிரேக் பிடிக்கும்படி வைக்காதீர்கள். ஸ்பிண்டில் நின்றுவிட, கனமான டை தன் வேகத்தில் சுற்றி மரையிலிருந்து கழலும்.

ஓட்டிப் பார்ப்பது

தரையில் பதித்து, ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, அடி போல்ட்டுகளை இறுக்குங்கள். ஆயில் கப் நிரப்புங்கள். டை எதுவும் இல்லாமல், குறைந்த வேகத்தில் அரை மணி நேரம் ஓடட்டும். நடுநடுவே நிறுத்தி பேரிங் மூடியில் கை வையுங்கள். கை தாங்கும் வெதுவெதுப்பு சரி. கை எடுக்க வைக்கும் சூடு என்றால் இடைவெளி குறைந்திருக்கிறது, ஒரு மெல்லிய ஷிம்மைத் திரும்பச் சேருங்கள். பிறகு வேகத்தைக் கூட்டுங்கள்.

முதல் சர்க்கிள் மென்மையான அலுமினியமாக இருக்கட்டும், 20 கேஜ், அதாவது 0.9 மில்லிமீட்டர், விட்டம் 200-க்குள். எவர்சில்வரை இப்போது தொட வேண்டாம், அதற்கு வேண்டிய பலமே வேறு. நன்கு காய்ந்த கெட்டி மரத்தில் ஆழமில்லாத கிண்ண வடிவ டை ஒன்றைக் கடைந்துகொள்ளுங்கள். தாங்கு கட்டை டையின் அடிப்பாகத்தைவிடச் சற்றுச் சிறிதாக இருக்க வேண்டும். சர்க்கிளை ஓட விட்டு, பிடியைத் தளர்த்தி, குச்சியால் தட்டி மையத்துக்குக் கொண்டு வரும் வித்தையைப் பழகியவர்கள் செய்வார்கள். நீங்கள் நின்ற நிலையிலேயே மையம் குறித்து, அளந்து இறுக்குங்கள்.

தகட்டில் பார் சோப்பையோ மெழுகையோ தடவுங்கள், இல்லாவிட்டால் டூல் அலுமினியத்தைக் கவ்விக் கிழிக்கும். டூலின் முனை கண்ணாடி மாதிரி பாலிஷாக இருக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே மெதுவாக வருடி, பிறகு திரும்பி உள்ளே வாருங்கள். ஒரே திசையில் அழுத்திக்கொண்டே போனால் தகடு மெலிந்து கிழியும். விளிம்பு சுருங்கி மடிப்பு விழத் தொடங்கினால் நிறுத்தி மடிப்பை எடுத்துவிட்டுத் தொடருங்கள். தகடு விறைத்துப் போனால், சோப்பு தடவிச் சூடாக்கி, சோப்பு கருமையாகும் இடத்தில் நிறுத்தினால் அலுமினியம் மறுபடி இளகிவிடும். செம்பும் பித்தளையும் மங்கலான சிவப்புக்கு வர வேண்டும்.

நிற்கும் இடம் முக்கியம். சுழலும் தகட்டின் விளிம்புக்கு நேராக நீங்களும் நிற்காதீர்கள், வேடிக்கை பார்ப்பவரையும் நிற்க விடாதீர்கள். பிடி விட்டால் தகடு அந்தக் கோட்டில்தான் பறக்கும். கையுறை, துண்டு, லுங்கி, தொங்கும் சட்டைக் கை எதுவும் கூடாது. கண்ணாடி போடுங்கள். நின்ற பிறகும் சர்க்கிளின் விளிம்பு பிளேடு, அதனால் முதலில் விளிம்பை மழுக்கிவிட்டே கையில் எடுங்கள்.

சில சர்க்கிள் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒரு முறை முடுக்குங்கள், புதிதாக வைத்த ஷிம்கள் படிந்து சற்றுத் தளர்ந்திருக்கும். பேரிங் மூடியின் ஷிம்மை மறுபடி அளந்து பாருங்கள். எல்லாம் நிலைத்தது என்று தெரிந்த பிறகு பெயின்ட் எடுங்கள். பெயர்ப்பலகை, வரிசை எண், பெட்டின் மேல்தளம், குவில் ஆகிய இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, எண்ணெய் தாங்கும் எனாமல் ஒரு கோட் ப்ரைமருக்கு மேல் இரண்டு கோட் அடித்தால் போதும்.